வாயை மூடிய நாற்காலிகள்

பிப்ரவரி 3
தொழிற்சாலை

தம்பிக்கு,

இனி நான் போனை எடுக்கப் போவதில்லை. நீ கூப்பிட்டால் அது மேஜைமேல் துடித்துத் துடித்துத் தானாகவே கீழே விழட்டும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. நம் லாரி வாரத்துக்கு இரண்டு தடவை உன் ஊர்க் கிடங்குக்கு வருகிறது, டிரைவர் கையில் கொடுத்தனுப்பு. வாயால் சொல்லி அனுப்பாதே. அவருக்கு ரேடியோ என்று சும்மா பெயர் வைக்கவில்லை. நீ சொன்னது பாதி, அவர் சேர்த்தது பாதியாக வந்து சேரும்.

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீ மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக. புது இசை அரங்கத்துக்கு அறுநூறு நாற்காலி கேட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு நான்கு நாற்காலிகளை ஒரே வரிசையாக அங்கே பொருத்தினாய். வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்தார், நாற்காலி கிரீச்சென்று கத்தியது. சரி, நாற்காலி நான் செய்தது. அதற்காக உடனே எனக்குப் போன் போட்டு, "ஒரு நாற்காலியோட வாயை மூடத் தெரியல, நீயெல்லாம் என்ன தொழிற்சாலை நடத்துற?" என்று கேட்டாயே. என் கையெல்லாம் கிரீஸ். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மொத்த ஷெட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. வெல்டர், பாவம், கண்ணாடியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இந்த ஆர்டர் போனால் இரண்டாவது ஷெட்டைப் பூட்ட வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது உனக்கும் தெரியும். பூட்டிய கையோடு தொழிலைப் பிரித்துக்கொள்வோம். நீ உன் வழி, நான் என் வழி.

அக்கா


பிப்ரவரி 6
நகர அலுவலகம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே அழகாக இருக்கிறது.

ஐஸ் வைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அங்கே தனியாக இல்லை. அரங்க மேலாளர் அம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "உன் வாயையே இத்தனை வருஷமா மூட முடியல, நாற்காலி வாயை எப்படிடா மூடுறது?" என்று நீ கத்தியதைக் கேட்க அவருக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. உன் தொண்டைக்கு அந்த வசதி பிறவியிலேயே உண்டு. என் மானம் கப்பலேறியது.

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசினேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மரம், வெயில், புதுத் தரை, புது ஆணி என்று வாய் கிழியப் பேசினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்ததும் சொன்னார்: "நீங்க சொன்னதா நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க. சத்தம் ஏன் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியல. உங்க அக்காவுக்கும் தெரியல. நீங்க ரெண்டு பேரும் இன்னும் அதைப் பத்திப் பேசவே இல்ல."

அக்கா, நான் பேசியதில் இந்த வார்த்தைகள் ஒன்றுகூட இல்லை. ஆனால் நான் பேசியது மொத்தமும் இதுதான். "சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? மார்ச் மாதம் முடிவதற்குள் சத்தத்துக்கு என்ன காரணம் என்று எழுதித் தர வேண்டும், அதற்குப் பிறகு இன்னொரு சோதனை, அதிலும் சத்தம் வந்தால் வேறு கம்பெனி என்று சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு ஏற்பாடு. இனி நம் கடிதம் எதுவும் அந்த அம்மாள் பேசிய மாதிரிதான் ஆரம்பிக்க வேண்டும். அடுத்தவர் சொன்னது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். அது சரி என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் தன் கதை. தொழிலைப் பிரிப்பதாக இருந்தாலும் ஒழுங்காகப் பேசிப் பிரிவோம்.

தம்பி


பிப்ரவரி 10
தொழிற்சாலை

தம்பிக்கு,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: தப்பு நாற்காலியில் இல்லை, உன் வாயிலும் இல்லை, என் தொண்டையில். என்னை நாலு பேர் முன்னால் திட்டியது உனக்குப் பெரிய விஷயமில்லை. அந்த அம்மாள் கெட்டிக்காரி. இங்கே வெயில் இன்னும் வரவில்லை. அத்தான் நலம்.

அக்கா


பிப்ரவரி 13
நகர அலுவலகம்

அக்கா,

சரியில்லை. மறுபடியும் எழுது.

தம்பி


பிப்ரவரி 17
தொழிற்சாலை

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுத் திரும்ப எடுத்து நீவிப் படித்தேன். ஒரே வரியில் நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. அதிலேயே கொஞ்சம் பயந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது. அத்தனை பேருக்கு நடுவில் நீ தனியாக நின்றாய். எல்லாரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் போட்டாய். "என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்கத்தான் நினைத்தாய், வாயில் வேறு வந்துவிட்டது. நான் பதிலுக்குக் கத்தியதும் உன் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. இது சரியா?

சரியென்று நீ சொல்வாய் என்ற நம்பிக்கையில் என் பங்கையும் எழுதுகிறேன். அந்த நாற்காலி சத்தம் போடும் என்பது எனக்கு முன்பே தெரியும். முழுதாகத் தெரியாது. ஷெட்டில் தேநீர் இடைவேளையில் நம் ஆட்கள் முடித்து வைத்த வரிசையில்தான் உட்காருவார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு கிரீச் வரும். வேலை முடிந்து எல்லாரும் போனதும் நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்து பார்ப்பேன், ஒன்றும் வராது. கீலை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன். ஆட்கள் உட்கார்ந்தால் கத்துகிறது, நான் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுகிறது. காரணமே தெரியாத ஒன்றை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிவிட்டேன். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ மாதிரி வரிசையை ஏற்றி அனுப்பச் சொன்னாய். நானும் அனுப்பிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 20
நகர அலுவலகம்

அக்காவுக்கு,

சரி. முழுக்கச் சரி. கிடங்கு வாசலில் நின்றுகொண்டே படித்தேன். "என்ன சார், கண்ணுல தூசியா?" என்று ரேடியோ கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உன்னிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். அதையும் நம்பு.

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: கெட்ட செய்தியை வெறுங்கையோடு சொல்ல உனக்குக் கூச்சம். கூடவே ஒரு தீர்வையும் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வாய். அதுவரை ஒற்றை ஆளாகச் சுமப்பாய். நான் இங்கே சந்தோஷமாக, "எங்க நாற்காலி மூச்சுக்கூட விடாது" என்று வாடிக்கையாளரிடம் அளந்துகொண்டிருப்பேன். நான் கேட்க மாட்டேன் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தாயா? அப்படியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

இப்போது என் மூட்டை. போன வருஷம் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்து மண்டபத்துக்கு நாற்காலி போட்டோமே, நினைவிருக்கிறதா? தலைமையாசிரியை இரண்டு முறை கூப்பிட்டார். "பரீட்சை வச்சா ஒரு சத்தமும் இல்ல சார். காலையில பிள்ளைங்களைக் கூட்டம் கூட்டினாதான் மண்டபமே கத்துது." பிள்ளைகள் பரீட்சைக்குப் பயந்து அடங்கி உட்காருவார்கள், கூட்டத்தில் ஆட்டம் போடுவார்கள், அவ்வளவுதான் என்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். எண்ணெய் போட ஆள் அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தூக்கம் போகும், எனக்குத் திட்டு விழும். புகார்களை நானே பூசி மெழுகிவிடுவதுதான் விற்பனைக்காரன் வேலை என்று நினைத்திருந்தேன். இது உனக்கு உதவுமா என்று தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 24
தொழிற்சாலை

அடேய்,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: பரீட்சையில் கத்தவில்லை, கூட்டத்தில் கத்தியது. பரீட்சைக்குப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பார்கள்? பார்த்து எழுதக் கூடாது என்று ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. கூட்டத்தில் நெருக்கியடித்துப் பக்கத்தில் பக்கத்தில்.

உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். வெல்டரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவரை எழுந்திருக்கச் சொன்னேன். கத்தியது. என் நாற்காலி கத்தியது, தம்பி. அவர் எழுந்ததற்கு என்னுடையது கத்தியது. இத்தனை மாதமாகத் தனியாக உட்கார்ந்து தனியாக எழுந்தவள் நான். எனக்கு எந்தக் காலத்தில் அது கேட்டிருக்கும்?

நம் வரிசையில் இரண்டு இருக்கைக்கு நடுவில் ஒரே கால்தான். இந்தப் பக்கத்து ஆள் எழுந்தால் கால் ஒரு மயிரிழை அசைகிறது, அந்தப் பக்கத்து போல்ட்டின் இரும்பு காலின் இரும்பில் உரசுகிறது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் போட்டோம். மொத்த ஷெட்டையும் வரிசையாக உட்கார வைத்து எழுப்பினேன். ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். ஃபோர்மேன் கைதட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நான் ஏன் அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

உன் பாதி உன்னிடம், என் பாதி என்னிடம் என்று ஒரு வருஷம் பூட்டி வைத்திருக்கிறோம். நல்ல வேளை, இப்போதாவது திறந்தோம்.

இனி அந்த அம்மாளுக்குக் காரணத்தை எழுது. அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு.

அக்கா


பிப்ரவரி 27
நகர அலுவலகம்

அக்கா,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: ஜெயித்துவிட்டோம். இல்லை, அது நீ சொன்னது இல்லை, எனக்குக் கேட்டது. நீ சொன்னது, காரணம் தெரிந்துவிட்டது, இனி ஒழுங்காக எழுது என்பது. நமக்கு நடுவிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் என்று எழுத ஆரம்பித்தேன், நீ அடிப்பாய் என்று அடித்துவிட்டேன்.

மேலாளர் அம்மாளுக்கு எழுதியதன் முழு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆரம்பம் மட்டும் இங்கே: "மதிப்பிற்குரிய அம்மையீர், இசைக்கும் இருக்கைக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. ரசிகர் ஒருவர் நிம்மதியாக அமர்ந்தால்தான் கலை அவர் உள்ளத்தில் அமரும் என்பதை எங்கள் நிறுவனம் தொடக்க நாள் முதலே உணர்ந்து செயல்பட்டு வருகிறது..."

இப்படி ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தம்பி


மார்ச் 3
தொழிற்சாலை

தம்பிக்கு,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: உனக்குப் பயம். நாற்காலி கத்தியது என்ற வரி உன் கடிதத்தில் நான்காவது பத்தியில்தான் வருகிறது. அதுவும் "சிறு ஒலி எழக்கூடிய வாய்ப்பு" என்று முக்காடு போட்டுக்கொண்டு வருகிறது. அதற்குள் அந்த அம்மாள் தூங்கிப்போயிருப்பார், நம் நாற்காலியாக இருந்தால் சத்தமில்லாமல்.

அவருக்கு என்ன வேண்டும்? அரங்கத்தைத் திறக்கிற அன்று தன் தலை உருளக் கூடாது. அவ்வளவுதான். அவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்து எழுது. நான் எழுதிப் பார்த்தேன்:

"எங்கள் நாற்காலி சத்தம் போட்டது எங்கள் தவறு. பக்கத்தில் இருப்பவர் எழும்போது இரும்பும் இரும்பும் உரசியதுதான் காரணம். நடுவில் ரப்பர் வளையம் போட்டுச் சரிசெய்துவிட்டோம். பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் பொருத்துகிறோம், ஆட்களை நெருக்கி உட்கார வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். இனியும் சத்தம் வந்தால் நாங்களே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்."

முதல் வரியை வெட்ட உன் கை துறுதுறுக்கும். வெட்டினால் நான் ரேடியோவையே தூது அனுப்புவேன்.

இன்னொன்று. அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ரப்பர் வளையம் அனுப்புகிறேன். தலைமையாசிரியையிடம் நீயே போய், அவர் சொன்னதுதான் சரி என்று சொல்.

அக்கா


மார்ச் 13
நகர அலுவலகம்

அக்கா,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: உள்ளதை முதல் வரியிலேயே சொல். சொன்னேன். எப்படி என்று கேள்.

உன் கடிதத்தை அப்படியே தட்டச்சு செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். லிஃப்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். தவறு என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுக்க எந்த விற்பனைக்காரனுக்கும் கால் வராது. அவர் படித்தார். "நீங்க எனக்குக் குடுத்ததுல ஒரே தடவையில புரிஞ்ச கடிதம் இதுதான்" என்றார். உங்க அக்காவா எழுதினாங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாக.

நேற்று சோதனை. வாத்தியக்காரர்கள் பன்னிரண்டு பேரைத் தோளோடு தோள் உட்கார வைத்தார். எல்லாம் கனத்த ஆசாமிகள், வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தது போல. விளக்கை அணைத்து, வயலின்காரப் பெண்ணை மிக மெதுவாக ஒற்றை ஸ்வரத்தை இழுக்கச் சொன்னார். பிறகு ஒருவர் விட்டு ஒருவராக எழுப்பினார், உட்கார வைத்தார், மொத்தமாக எழுப்பினார். அவருடைய கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவருக்குக் கேட்டிருக்கும். நாற்காலி கேட்கவில்லை. வயலின்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

மேலாளர் அம்மாள் என்னிடம் வந்தார். "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். அறுநூறும் இப்படியே வரும்." பேசுவதற்கு எனக்கு எவ்வளவோ இருந்தது, அக்கா. நாக்கு நுனி வரை வந்தது. "வரும்" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். எப்போது வரும் என்று கேட்டார். வழக்கமாக நான் வாயில் வந்த தேதியைச் சொல்வேன், அதற்கப்புறம் உன்னிடம் சண்டை போடுவேன். இந்தத் தடவை, "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் நமக்கு. தேதியைச் சொல்.

தம்பி


மார்ச் 17
தொழிற்சாலை

தம்பிக்கு,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: ஆர்டர் நமக்கு. அதைச் சொல்ல ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறாய். முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையைக்கூட வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு ஷெட்டையும் கூட்டி வைத்து உரக்கப் படித்தேன். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. "அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்ற இடத்தில் வெல்டர் விசிலடித்தார். அன்றைக்கு முகத்தை மறைத்துக்கொண்ட அதே மனுஷன்.

ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் முடித்துத் தருகிறேன். ஆகஸ்ட் நடுவில் என்று நீ சொல்லாதே. தாமதம் வரும் போலத் தெரிந்தால் வருவதற்கு முன்பே உனக்குச் சொல்வேன், கையில் தீர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முதல் கடிதத்தின் கடைசிப் பத்தி உன்னிடம்தானே இருக்கிறது? அதை வெட்டிவிடு.

அக்கா


செப்டம்பர் 8
நகர அலுவலகம்

அக்கா,

முதல் வரியிலேயே சொல்கிறேன்: பதினைந்தாம் தேதி அரங்கத் திறப்பு, நமக்கு இரண்டு டிக்கெட், ஆறாவது வரிசை, நடுவில், பக்கத்துப் பக்கத்தில். மேலாளர் அம்மாளே எழுதிக் கொடுத்தார். நம் நாற்காலியில் ஜனங்கள் உட்கார்ந்து நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வா. உன் டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

தம்பி


செப்டம்பர் 11
தொழிற்சாலை

தம்பிக்கு,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: விழாவுக்கு வா. மனசு நிறைந்தது. ஆனால் அடுத்த மண்டபத்துக்கு இரும்பு வந்து இறங்குகிற நாள் அது. நான் இல்லாமல் இறக்க முடியாது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நாலு பேரிடம் சிரிப்பதும் எனக்கு ஆகாது. நீ போய் இரண்டு பேருக்காகவும் கேட்டுவிட்டு வா. யாராவது எழுந்தால் காதைத் தீட்டி வைத்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 15
டிக்கெட்டின் பின்பக்கம், பென்சிலில்

தம்பி,

சத்தம் போடாதே, பாட்டு நடக்கிறது. உன் இடது பக்கம் திரும்பிப் பார். ரேடியோவின் லாரியில் வந்தேன். வழியெல்லாம் அவர் பேசியதில் காது இன்னும் ரீங்காரமிடுகிறது. இரும்பை ஃபோர்மேன் இறக்கிக்கொள்வார்.

விளக்கு அணைந்ததும் உள்ளே வந்து, உன் பக்கத்து நாற்காலியின் மடிந்த இருக்கையை இறக்கி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு முழுப் பாட்டும் கேட்டாயிற்று. காலி இடம் என்று நினைத்து உன் கோட்டை என் மடிமேல் வேறு போட்டிருக்கிறாய். நான் வந்தது உனக்குக் கேட்கவே இல்லை.

அக்கா


அதே டிக்கெட், ஓரத்தில்

அக்கா,

நீ சொன்னதாக நான் புரிந்துகொண்டது: நாற்காலி நன்றாக இருக்கிறது. நானும் பரவாயில்லை. நாளையிலிருந்து போன் எடுப்பாய். சரியா?

தம்பி


அதே டிக்கெட், மிச்சமிருந்த மூலையில்

சரி. இப்போது வாயை மூடிக்கொண்டு பாட்டைக் கேள். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பார்த்தாவது கற்றுக்கொள்.